பின்தொடையில் ஊசி போட்டு ஸ்டாப்பரை இறக்கலாமா?

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஒரு கடற்கரை ஊரின் கால்பந்து கிளப் செயலாளர் எழுதியிருக்கிறார். இரண்டாம் நிலை லீக்கில் அவர்கள் அணி கடைசி இடத்தில் இருக்கிறது. இன்னும் இரண்டே மேட்ச். அடுத்தது கோவையில், ஞாயிறு மதியம் 3.30 மணிக்கு. கடிதம் எழுதிய செவ்வாயிலிருந்து அது 12ஆம் நாள்.

கைவசம் 16 பேர். அதில் 24 வயது ஸ்டாப்பருக்கு (நடுத் தற்காப்பு ஆட்டக்காரர்) 9 நாளுக்கு முன் ஓடும்போது பின்தொடையில் ‘பட்’டென்று பிடித்தது. இப்போது முழங்காலுக்குப் பின்னால் வரை நீலம் பாரித்திருக்கிறது. நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் 3 நாள் சூடாக எண்ணெய் விட்டுத் தடவியிருக்கிறார்கள். 17 வயது கோலிக்குப் போன ஞாயிறு எதிரணிக்காரரின் முழங்காலில் தலை மோதியது. எழுந்து நின்று, ‘ஸ்கோர் என்ன, ஸ்கோர் என்ன’ என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம். பாறசாலைப் பக்கம் கொண்டுபோய் எடுத்த ஸ்கேன் நார்மல். தலைவலி மட்டும் போகவில்லை. மூன்று பேர் ஆழ்கடலில் இருக்கிறார்கள். மேட்சுக்கு முந்தின வியாழன்தான் கரை சேருவார்கள்.

போன வெளியூர் மேட்சுக்கு இரவு முழுக்க வேனில் போயிருக்கிறார்கள். வழியில் பரோட்டாவும் பீஃபும். காலையில் 4 பேருக்கு வயிற்றுப்போக்கு, இரண்டாம் பாதியில் 2 பேருக்குக் கால் பிடிப்பு, 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு வாங்கியது 3 கோல். ‘ஒரு ஊசியைப் போட்டா பய 90 நிமிஷமும் நிப்பான். ஸ்கேன்தான் நல்லா இருக்கே, கோலியையும் இறக்கலாம்லா? நாங்க கடப்புறத்துக்காரங்க, வெயில் எங்களுக்கு ஒண்ணும் செய்யாது. வேற என்ன செஞ்சா இந்த மேட்சுல நிக்கலாம்?’ என்று கேட்கிறார். ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யாருக்கு என்ற கவலையும் கடைசி வரியில் இருக்கிறது.

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோலி இந்த மேட்சில் இறங்கக் கூடாது. ஸ்டாப்பர் இறங்குவது அநேகமாக நடக்காது. ஊசி போட்டு இறங்குவது கண்டிப்பாகக் கூடாது. மீதம் 14 பேர். போன முறை நீங்கள் தோற்ற அந்த 20 நிமிடத்தை எடுத்துப் பாருங்கள். அது ஆள் பற்றாமல் தோற்றதல்ல. தூக்கமில்லாத இரவிலும், வழியில் தின்றதிலும், குடிக்காமல் விட்ட தண்ணீரிலும் தோற்றது. அதைச் சரிசெய்ய உங்களுக்கு 10 நாள் இருக்கிறது, பெரிய செலவும் இல்லை.

ஸ்டாப்பரின் கால்

பின்தொடையில் இருப்பது மூன்று தசைகளின் கட்டு. உட்காரும்போது தரையில் அழுந்துகிற எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகிறது. முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இந்தத் தசை நீண்டுகொண்டே காலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் கிழிவது அந்த நொடியில்தான். நீலம் பாரித்திருக்கிறது என்றால் இழைகள் கிழிந்து ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அது கீழே இறங்கி முழங்காலுக்குப் பின்னால் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரத்தம் இறங்குகிற வழி அது. ஆனால் நீலம் இருந்தால் இது வெறும் பிடிப்பு இல்லை. லேசான கிழிசல் 1 முதல் 3 வாரத்தில் ஆறும். நடுத்தரக் கிழிசலுக்கு 4 முதல் 8 வாரம் பிடிக்கும். உங்கள் மேட்ச் வருவது அடிபட்டதிலிருந்து 21ஆம் நாள்.

ஒன்றை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அவர் மரப் பெஞ்சில் உட்காரும்போது அந்த உட்காரும் எலும்பிலேயே குத்துகிறதா? காலை மடக்கச் சொல்லிக் கையால் தடுத்தால் பலமே இல்லையா? இரண்டும் இருந்தால் தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். ‘பட்’டென்று பிடித்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அப்படியானால் எம்.ஆர்.ஐ. எடுத்து எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்; தைக்க வேண்டியதென்றால் முதல் சில வாரங்களில் தைப்பது சுலபம், மாதக்கணக்கில் விட்டால் கடினம்.

இனி ஊசி. நீங்கள் மனதில் வைத்திருப்பது டைக்ளோஃபெனாக் என்று நினைக்கிறேன். அது வலியைக் குறைக்கும், கிழிசலை ஒட்டாது. கிழிந்த இடத்தில் புதிதாக வளர்ந்துகொண்டிருக்கும் தழும்புத் திசு 21ஆம் நாளில் முழு வேகத்தைத் தாங்கும் நிலைக்கு வந்திருக்காது. ‘போதும், நில்’ என்று அவரைத் தடுப்பது வலி ஒன்றுதான். அதையும் அணைத்துவிட்டு, எதிரணி ஃபார்வர்டைத் துரத்தி ஓடச் சொன்னால், முதல் கிழிசலைவிடப் பெரிதாகக் கிழியும். மறுபடி கிழியும் அபாயம் ஆட்டத்துக்குத் திரும்பிய முதல் இரண்டு வாரங்களில்தான் மிக அதிகம். இன்னொன்று: இந்த வகை வலி மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. வெயிலில் வியர்த்து உடம்பு வற்றியிருக்கும்போது இரட்டை அடி.

கிழிந்த இடத்திலேயே மரத்துப்போகும் ஊசி, ஸ்டீராய்டு ஊசி என்று யாராவது சொன்னால் பேச்சையே எடுக்க விடாதீர்கள். ஸ்டீராய்டு தசைநாணை நலிய வைக்கும். அதோடு, 2022 ஜனவரி 1 முதல் எந்த இடத்தில் போட்டாலும் ஸ்டீராய்டு ஊசி, போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. டிரமடால் என்ற வலி மாத்திரை 2024 ஜனவரி 1 முதல் அதே பட்டியலில். இருமலுக்கு நம் ஊர் மருந்துக்கடைகளில் தரும் சில சிரப்புகளில் டெர்பியூட்டலின் என்ற மருந்து இருக்கும், அதுவும் தடைப்பட்டதே. பையன்கள் தாங்களாக வாங்கிக் குடிக்கும் எதையும் லேபிள் பார்க்காமல் விடாதீர்கள்.

எண்ணெய்த் தடவலைப் பற்றி. உங்கள் ஆசானைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. பழைய பிடிப்புக்கும் இறுக்கத்துக்கும் அவர் கை உதவலாம். ஆனால் புதிதாகக் கிழிந்த தசையில் முதல் 3 நாள் சூடும் அழுத்தித் தடவலும் கசிவை அதிகமாக்கும். முன்தொடையில் முட்டி இடித்து வீங்கும்போது அப்படித் தடவினால், தசைக்குள் எலும்பு போலக் கட்டிவிடவும் வாய்ப்புண்டு. இனிமேல் அடிபட்டால் முதல் 3 நாள் ஐஸ், இறுக்கமில்லாத கட்டு, ஓய்வு. ஆசான் அதற்குப் பிறகு.

அவர் ஆடலாமா என்பதை மேட்சுக்கு முந்தின வியாழன் மாலை முடிவு செய்யுங்கள். மல்லாந்து படுத்து முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கினால் இரண்டு காலும் ஒரே உயரம் போக வேண்டும். ஒரு குதிகாலைப் பெஞ்சில் வைத்து இடுப்பைத் தூக்கி இறக்குவதை, அடிபட்ட காலிலும் நல்ல காலிலும் ஒரே எண்ணிக்கையில், 20 தடவையாவது செய்ய வேண்டும். கெட்டித் தரையில் 30 மீட்டர் முழு வேகத்தில் 6 முறை ஓட வேண்டும். அதற்கு முன் அணியோடு 2 முழுப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். எல்லாம் வலியில்லாமல் மட்டுமல்ல, பயமில்லாமலும். ஓடுகையில் முகத்தைப் பாருங்கள். கடைசி அடிகளில் அவராகவே வேகத்தைத் தணித்தால் கால் இன்னும் தயாராகவில்லை. இதில் ஒன்று தவறினாலும் அவர் ஊரிலேயே இருக்கட்டும். ‘அவனே ஆடுறேன்னு சொல்றான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் முழுக்கக் கேட்டு நிற்கும்போது 24 வயதுப் பையன் வேறு என்ன சொல்வான்? மறுபடி கிழிந்தால் இரண்டு மூன்று மாதம் மீன்பிடி போட்டில் ஏற முடியாது. அந்த மாதங்களில் வீட்டுக்கு யார் சம்பாதிப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் அவருடைய சம்மதத்தை எடைபோட வேண்டும்.

கோலியின் தலை

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இந்தப் பையன்தான். ஸ்கேன் நார்மல் என்றால் மண்டைக்குள் ரத்தக்கசிவு இல்லை, எலும்பு உடையவில்லை. அவ்வளவுதான். மூளை அதிர்ச்சி என்பது மூளை செல்கள் வேலை செய்யும் விதம் தற்காலிகமாகக் கலைந்துபோவது. அது ஸ்கேனில் தெரியாது. ஸ்கோரைத் திரும்பத் திரும்பக் கேட்டான் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே நோயைச் சொல்லிவிட்டது. மயங்கி விழ வேண்டும் என்ற அவசியமே இல்லை. மூளை அதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலோர் மயங்குவதில்லை.

அந்த நிலையில் இன்னொரு அடி பட்டால், அது லேசான அடியாக இருந்தாலும், குணமாவது நெடுநாள் இழுத்துக்கொண்டே போகலாம். அபூர்வமாக மூளை வேகமாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். அது அதிகம் நடப்பது இளம் வயதினரிடம். கோலியோ, கார்னர் வரும்போதெல்லாம் கூட்டத்துக்குள் தலையைக் கொடுப்பவர். பிரிட்டன் 2023இல் டாக்டர் துணையில்லாத கீழ்நிலை ஆட்டங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கழித்துத்தான் போட்டி. அதுவும் ஓய்வில் இருக்கும்போது எந்த அறிகுறியும் இல்லாமல் 14 நாள் கடந்திருந்தால் மட்டும். உங்களைப் போன்ற கிளப்புக்கு அதுவே சரியான அளவுகோல். உங்கள் மேட்ச் வருவது 14ஆம் நாள், பையனுக்கு இன்னும் தலைவலி. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

முதல் 2 நாள் ஓய்வு முடிந்துவிட்டதால் இனி இருட்டறையில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், தலைவலி கூடாத அளவுக்கு. பிறகு மெதுவோட்டம், பிறகு தனியாகப் பந்துப் பயிற்சி, பிறகு மோதல் இல்லாத குழுப் பயிற்சி. ஒவ்வொரு படியும் குறைந்தது ஒரு நாள். மோதலுள்ள பயிற்சிக்கு முன் டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். படிப்பதில் கவனம் நிற்கவில்லை என்றால் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வாந்தி திரும்பத் திரும்ப வருவது, தலைவலி ஏறிக்கொண்டே போவது, இரட்டையாகத் தெரிவது, எழுப்பினால் சரியாக எழாமல் தூங்குவது, வலிப்பு, கை கால் பலமிழப்பது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, இவற்றில் எது வந்தாலும் நேரே 108. இதை அவன் அம்மாவிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும்.

இனி மேட்சில் யாருக்காவது தலையில் அடிபட்டு, சந்தேகம் வந்தால்கூட, வெளியே எடுங்கள். அன்றைக்குத் திரும்ப அனுப்பாதீர்கள். மூளை அதிர்ச்சிக்கென்று கூடுதலாக ஒரு சப்ஸ்டிட்யூட்டை அனுமதிக்க 2024 ஜூலை முதல் ஆட்ட விதிகளில் இடமுண்டு. உங்கள் லீக் அதை ஏற்றிருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன் அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) கோல் காத்த விங் ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே அவருக்குக் கையுறை கொடுங்கள். 10 நாளும் தினம் 20 நிமிடம் பக்கவாட்டில் விழுந்து பழகட்டும்: மண்டியிட்டு, பிறகு குந்தி, பிறகு நின்று. புதிதாக விழுபவர்கள் கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்வார்கள். முதலில் தரையைத் தொட வேண்டியது தொடையின் பக்கம், பிறகு இடுப்பு, பிறகு தோள். கை பந்துக்கு மட்டும்.

மணலில் ஓடியவர்கள், கடலிலிருந்து வருபவர்கள்

சர்ச்சுக்குப் பின்னால் மணலில்தான் பயிற்சி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அணியில் பின்தொடை இந்த சீசனில் மூன்றாவது முறையாகப் பிடிக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மணல் மூச்சுக்கும் கணுக்கால் பலத்துக்கும் நல்லது. ஆனால் கால் புதைவதால் மணலில் யாரும் தன் முழு வேகத்தை எட்ட முடியாது. வாரம் முழுக்க பின்தொடை அந்த வேகத்தையே பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இறுகிய செம்மண் மைதானத்தில் திடீரென்று நூறு சதவீதம் கேட்டால் அது கிழிகிறது.

ஆகவே மேட்ச் வாரத்தில் 2 நாளாவது கெட்டித் தரைக்குப் போங்கள். பள்ளி மைதானம் போதும். செவ்வாய் நன்றாக வார்ம்-அப் செய்தபின் 30 மீட்டர் 6 முறை, முக்கால் வேகத்துக்கு மேல். வியாழன் 4 முறை, முழு வேகம். ஒவ்வொன்றுக்கும் நடுவே 2 நிமிடம் நடை. அதற்கு மேல் வேண்டாம். வெள்ளி லேசாகப் பந்து தட்டினால் போதும். இரும்புக் குமிழ் வைத்த பூட்ஸை இறுகிய தரைக்குப் போட வேண்டாம். குட்டையான ரப்பர் குமிழ்கள் நிறைய உள்ளதே சரி. புது பூட்ஸை மேட்சன்று முதன்முதலில் போட்டு யாரும் கொப்புளம் வாங்கக் கூடாது.

கடலிலிருந்து வியாழன் இறங்கும் மூவரை என்ன செய்வது? வாரக்கணக்கில் போட்டில் இருந்தவர்களுக்குத் தோளும் முதுகும் பலமாக இருக்கும். ஆனால் ஓடி எத்தனையோ நாள் ஆகியிருக்கும், தூக்கம் துண்டு துண்டாகவே கிடைத்திருக்கும். அவர்களை வியாழன் மாலையே ஸ்பிரின்ட் அடிக்க விடாதீர்கள். வெள்ளி 15 நிமிட மெதுவோட்டம், பந்து, நீட்டல். 14 பேரில் இவர்கள் மூவர் போனால் கணக்கு சரியாக 11. அவர்களை பெஞ்சில் வைத்து 60ஆவது நிமிடத்துக்குப் பிறகு 25, 30 நிமிடத்துக்கு இறக்குங்கள். போன முறை நீங்கள் சரிந்த நேரம் அதுதான். இறக்குவதற்கு முன் 10 நிமிடம் கோட்டுக்கு வெளியே ஓடிச் சூடேற்றட்டும். பெஞ்சிலிருந்து எழுந்து நேராக உள்ளே போனால் பிடிக்கும்.

வேனா, ரயிலா

சனிக்கிழமை இரவு வேனில் 400 கிலோமீட்டருக்கு மேல், உட்கார்ந்தபடி, மடங்கிய முழங்காலோடு: இதைத் தவிர எது கிடைத்தாலும் நல்லது. நாகர்கோவிலில் இரவு ஏறினால் காலையில் கோவையில் இறக்கிவிடும் ரயில் இருக்கிறது. சாதாரண ஸ்லீப்பரே போதும்; காலை நீட்டிப் படுப்பதுதான் முக்கியம். முன்பதிவு வெயிட்டிங்கில் நின்றால் தத்கல் இருக்கிறது. ஸ்லீப்பருக்கு முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும், ஒரு டிக்கெட்டில் 4 பேர்தான் போட முடியும். எனவே ஒரே ஆள் உட்கார்ந்து முயலாமல் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் முயலுங்கள்.

ரயில் கிடைக்காவிட்டால் வேனையே எடுங்கள், ஆனால் சனிக்கிழமை காலையில் கிளம்புங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் இறங்கி நடக்கட்டும். லாட்ஜுக்குக் காசில்லை என்கிறீர்கள். உங்கள் பங்குத்தந்தை மூலம் கோவையில் ஒரு பங்கு ஹாலில் ஓர் இரவு தங்க இடம் கேட்டுப் பாருங்கள். பாயும் ஃபேனும் இருந்தால் போதும். இரவு வேனைவிட அது பல மடங்கு மேல்.

வழிச் சாப்பாட்டில் எண்ணெயும் இறைச்சியும் வேண்டாம். சனி இரவு சாதம், ரசம், வேகவைத்த முட்டை, அல்லது இட்லி. வெயில் நேரத்தில் தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெடும், சாம்பாரே பாதுகாப்பு. ஐஸ் போட்ட ஜூஸ், வெட்டி வைத்த பழம் கூடாது. தண்ணீர் சீல் வைத்த 20 லிட்டர் கேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டில். ஒரே பாட்டிலில் வாய் வைத்தால் ஒருவரின் வயிற்றுப்போக்கு நால்வருக்கு வரும். ஞாயிறு காலை இட்லி. மேட்சுக்கு முன் பெரிய சாப்பாடு 11.30 மணிக்கு முடிய வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 300 கிராம் சாதம், கொஞ்சம் பருப்பு அல்லது மோர், ஒரு ஏத்தன் (நேந்திரம்) பழம். அதில் சுமார் 120 கிராம் மாவுச்சத்து கிடைக்கும், ஆட்டத்துக்கு அது தாங்கும். பிரியாணி 3.30 மணிக்கும் வயிற்றில்தான் இருக்கும். மரச்சீனிக் கிழங்கும் மீனும் உங்கள் பையன்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும்; அதை மேட்ச் முடிந்து தாருங்கள். 2.30 மணிக்குப் பசித்தால் ஒரு சின்னப் பழம்.

வெயிலும் தண்ணீரும்

உங்கள் ஊரின் வெயில் ஈரமானது. வியர்வை உடம்பில் வழிந்து நிற்பதால் எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கோவையின் கோடை மதியம் வறண்டது, 35 டிகிரியைத் தாண்டுவதும் சாதாரணம். வியர்வை வந்தவுடன் காய்ந்துவிடும். ‘வியர்க்கவே இல்லையே’ என்று நினைப்பவர் 90 நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் இழந்திருப்பார். 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ, அதாவது நூற்றுக்கு 2 பங்கு, குறைந்தாலே ஓட்டமும் முடிவெடுக்கும் வேகமும் தளரத் தொடங்கும். ஒரு எடை மெஷினை எடுத்துப் போங்கள். மேட்சுக்கு முன்னும் பின்னும் எல்லோரையும் எடை பாருங்கள். யார் எவ்வளவு இழக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அடுத்த மேட்சுக்கு யாருக்கு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். எடை கூடியிருந்தால் அவர் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார், அதுவும் நல்லதல்ல.

ஆட்டத்துக்கு முன் குடித்தால் வயிறு கனக்கும் என்பது ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பவருக்குத்தான். மேட்சுக்கு 4 மணி நேரம் முன்பு 300 முதல் 400 மில்லி, அடுத்த 2 மணி நேரத்தில் சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் 200. ஆட்டத்தில் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் 150, 200 மில்லி. வெறும் குளுக்கோஸ் பொடியில் உப்பு போதாது. நீங்களே கலக்கலாம்: 5 லிட்டர் தண்ணீர், 300 கிராம் சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, 5 எலுமிச்சை. ஞாயிறு காலையில் கலந்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். மேட்சன்று முதன்முதலாகக் குடிக்க வைக்காமல் செவ்வாய் பயிற்சியிலேயே பழக்குங்கள். வயிற்றுப்போக்கு வந்தவருக்கு இது போதாது. பாக்கெட்டில் அச்சிட்ட அளவு தண்ணீரில் கலந்த ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அவர் ஆடக் கூடாது.

கால் பிடிப்புக்கு உப்பு மாத்திரை தேடாதீர்கள். முக்கியக் காரணம், பழக்கத்துக்கு மேல் தசை களைத்துப்போவது. பிடித்தால் முன்பாதத்தை மெதுவாக முழங்கால் பக்கம் இழுத்து 30 விநாடி பிடியுங்கள்.

கூலிங் பிரேக் கேட்பது உங்கள் உரிமைக்கு உட்பட்டதுதான். போட்டி விதி அனுமதித்தால் ஒவ்வொரு பாதியிலும் 90 விநாடி முதல் 3 நிமிடம் வரை ஆட்டத்தை நிறுத்த ஆட்ட விதிகளில் இடமிருக்கிறது. தண்ணீர் குடிக்க மட்டும் என்றால் 1 நிமிடம். ரெஃப்ரியிடமும் எதிரணியிடமும் மேட்சுக்கு முன்பே பேசுங்கள். அவர்களுக்கும் அதே வெயில்தான்.

உங்கள் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீன் அடைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்; ஐஸைக் கோவையில் வாங்கி நிரப்பலாம். அந்தப் பெட்டி அடிபட்ட இடத்துக்கும் ஈரத் துண்டுக்கும் மட்டும், குடிக்கும் பாட்டிலுக்கு வேறு பெட்டி. அடிபட்ட இடத்தில் துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி ஸ்பிரே தோலை மட்டும் மரக்க வைக்கும். அதை அடித்துவிட்டு ‘சரியாயிட்டு’ என்று உள்ளே அனுப்பாதீர்கள்.

வெயிலில் ஒருவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெப்பத்தாக்கு. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் ஜெர்சியைக் கழற்றி, தலை முதல் கால் வரை ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஈரத் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு விசிறுங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம். யாரும் மோதாமலே ஒருவர் சரிந்து விழுந்து அசையாமல் கிடந்தால் இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழம் போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், வண்டி வரும்வரை நிறுத்தாமல். பெஞ்சில் இருக்கும் இரண்டு பேராவது இதை முன்கூட்டியே கற்றிருக்க வேண்டும்.

பொறுப்பு

தெரிந்தே காயத்தோடு இறக்கினீர்கள் என்ற நிலை வந்தால், பையன் எழுதிக் கொடுத்த சீட்டு உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்காதீர்கள். 18 வயது நிரம்பாதவர் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். ஆனால் அது மருத்துவ அனுமதிக்கு ஈடாகாது. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். சாதாரணக் காயத்தின் சிகிச்சைச் செலவுக்கு அது வராது. அதற்குக் கிளப்பில் ஒரு சிறு நிதி தனியாக இருக்க வேண்டும்.

மேட்ச் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, அந்தச் செவ்வாயிலிருந்து எல்லோருக்கும் ஒரு பயிற்சியைத் தொடங்குங்கள். மண்டியிட்டு நிற்பவரின் கணுக்காலைப் பின்னாலிருந்து ஒருவர் அழுத்திப் பிடிக்க, இடுப்பு மடங்காமல் உடம்பை முன்னால் மிக மெதுவாகச் சாய்த்து, தாங்க முடியாதபோது கையை ஊன்றி விழுவது. நார்டிக் என்பார்கள். முதல் வாரம் ஒரே நாள், 5 தடவை வீதம் 2 சுற்று; அடுத்த வாரத்திலிருந்து வாரம் 2 நாள்; மெல்ல மெல்ல ஏற்றி 10 வாரத்தில் வாரம் 3 நாள், 8 முதல் 12 தடவை வீதம் 3 சுற்று. ஒழுங்காகச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. மேட்சுக்கு முன் தொடங்க வேண்டாம். பழகாத கால் 2, 3 நாள் நன்றாக வலிக்கும். கடலுக்குப் போகும் மூவரும் இரண்டு வாரம் கரையில் பழகிவிட்டால், அலை அடங்கிய நேரத்தில் போட்டின் தளத்திலேயே ஒருவர் காலை ஒருவர் பிடித்துச் செய்துகொள்ளலாம். ஸ்டாப்பருக்கு மட்டும் இப்போது வேண்டாம். வியாழன் மாலைச் சோதனைகளில் அவர் எல்லாவற்றையும் தாண்டிய பிறகு, 2 சுற்றுக்குப் பதில் ஒரே சுற்றில் தொடங்கட்டும்.